ப்ளக் பாயின்ட் ஓட்டையில் மண் அடைப்பது யார்? கம்பளிக் கொத்தனார் தேனீயை அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

போன சித்திரையில் எங்கள் மாடி அறை பவர் ப்ளக்கில் அயர்ன் பாக்ஸ் வயர் நுழையவே இல்லை. மேலே இருக்கும் பெரிய ஓட்டையில் மண் அடைத்திருந்தது. எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "குளவிதான் சார், வெயில் காலம் வந்தா எல்லா வீட்லயும் இதே கதைதான்" என்று மெயினை அணைத்துவிட்டு, பிளேட்டைக் கழற்றி, டெஸ்டரால் நோண்டினார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அதோடு மஞ்சளாக, மாவு மாதிரி ஏதோ ஒன்றும் கொட்டியது. விரலில் தேய்த்தால் லேசாகப் பிசுபிசுத்தது, மோந்து பார்த்தால் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசம். குளவிக்கூட்டை உடைத்தால் பச்சைப்புழுவோ சுருண்டு கிடக்கும் சிலந்தியோதான் விழும், மகரந்தம் விழாது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இத்தனை வருடமாகக் குளவி குளவி என்று நான் துடைப்பத்தால் விரட்டிக்கொண்டிருந்ததில் பாதி தேனீ.

அந்தத் தேனீயின் பெயர் மெகாகைலி லனாட்டா. 1775-லேயே டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் பெயர் வைத்துவிட்டார், ஆனால் தமிழில் இன்றுவரை இதற்கென்று பரவலான பெயர் ஒன்று கிடையாது. லனாட்டா என்றால் லத்தீனில் கம்பளி போர்த்தியது. மண் குழைத்துப் பூசுகிறவள் என்பதால் நான் கம்பளிக் கொத்தனார் என்று கூப்பிடுகிறேன், உங்களுக்கு வேறு பெயர் தோன்றினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இயல்பாக இருக்கிற இனம். மனிதர்களோடு சேர்ந்து கடல் தாண்டிப் போய் கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும்கூடக் குடியேறியிருக்கிறது.

தேனீ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, கொசுத் தேனீ இவை நான்கும்தான். எல்லாமே கூட்டமாக வாழ்பவை. உலகத்தில் இதுவரை பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கும் மேலே, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ராணியும் கிடையாது, வேலைக்காரியும் கிடையாது, நமக்கு எடுக்கத் தேனும் கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனியாகக் கூடு கட்டி, தனியாக இரை சேர்த்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். கம்பளிக் கொத்தனாரும் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்து ஓட்டையில் நான்கு பேர் கூடு கட்டினாலும் அது ஒரே தெருவில் நான்கு வீடு மாதிரி, கூட்டுக்குடும்பம் இல்லை.

இனி, அடையாளம் காண்பது எப்படி என்று பார்ப்போம். ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நிறத்தை வைத்து ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு அதுதான், நானும் செய்தேன். கூடு, நடத்தை, வயிற்றின் அடிப்பக்கம், தாடை எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கடைசியாகத்தான் நிறம்.

முதலில் ஓட்டையைப் பாருங்கள்

கம்பளிக் கொத்தனார் தானாக ஓட்டை போடுவதில்லை, இருக்கிற ஓட்டையில் குடிபுகும். சுவரில் ஆணி பிடுங்கிய துளை, கதவு நிலையில் வண்டு குடைந்து விட்ட துளை, பழைய பூட்டின் சாவித்துளை, மூங்கில் கழி, மடக்கு நாற்காலியின் குழாய், என்ன கிடைத்தாலும் சரி. ப்ளக் பாயின்ட்டில் ஏன் எப்போதும் எர்த் ஓட்டையே அடைபடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? 16 ஆம்பியர் சாக்கெட்டில் எர்த் ஓட்டைதான் பெரிது, கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். இப்போது வரும் சாக்கெட்டுகளில் கீழே இருக்கிற இரண்டு ஓட்டைகளுக்குள்ளும் குழந்தைகள் விரல் விடாமல் இருக்க ஷட்டர் இருக்கும், எர்த் பின் உள்ளே போனால்தான் அது விலகும். ஆகவே எப்போதும் திறந்து கிடக்கும் ஒரே வாசல் எர்த். தேனீ அளந்து பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறது.

அடைப்பு எதனால் ஆனது என்று பாருங்கள். பச்சை இலைத் துண்டுகளை வட்டவட்டமாக வெட்டி அடுக்கியிருந்தால் அது இலைவெட்டும் தேனீ. உங்கள் ரோஜா இலையில் நாணயம் வைத்து வெட்டியது போல ஓரம் காணாமல் போயிருந்தால் அதுவும் அவள் கைவேலைதான். பளபளவென்று, தொட்டால் ஒட்டுகிற மாதிரி மரப்பிசின் இருந்தால் பிசின் தேனீ, இவளைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். வெறும் மண் என்றால் நம் ஆளாக இருக்க வாய்ப்பு உண்டு.

வாய்ப்பு மட்டும்தான். சுவரின் மேல் வெளியே தெரிகிற மாதிரி, விரல் விரலாக மண்ணை ஒட்டி வைத்திருந்தால் அது மண்குளவி. குட்டிப் பானை செய்து அதற்கு உதடும் வைத்திருந்தால் பானைக்குளவி. வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் யாரோ பிள்ளை உண்டாகியிருக்கிறார்கள் என்று பாட்டிகள் சொல்வது இந்தக் கூடுகளைப் பார்த்துத்தான். இவை இரண்டும் குழப்பாது. குழப்புவது மூன்றாவது ரகம்: ஓட்டைக்குள்ளேயே குடியிருந்து மண்ணாலேயே வாயை அடைக்கிற தனிக்குளவிகள். செம்பழுப்பு நிறத்தில் இடுப்பு ஒடுங்கிய ஒரு குளவி எங்கள் ஜன்னல் கட்டையில் இதையே செய்கிறது, அடைப்பை மட்டும் வைத்து அவளையும் கொத்தனாரையும் பிரிக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் அடுத்த படி.

உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள்

கூடு இன்னும் மூடவில்லை என்றால் அதிர்ஷ்டம். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் ஒரு ஸ்டூலைப் போட்டு ஓட்டையிலிருந்து மூன்று அடி தள்ளி உட்காருங்கள். நேராக எதிரே வேண்டாம், அவள் வருகிற வழியை மறைத்தால் சுற்றிச் சுற்றிப் பறந்து நேரம் கடத்துவாள். அரை மணி நேரத்தில் குறைந்தது இரண்டு மூன்று தடவையாவது வந்து போவாள். மண் எடுக்கிற நாளென்றால் இன்னும் அதிகம்.

என்ன கொண்டு வருகிறாள் என்பதுதான் கேள்வி. மண் உருண்டையைத் தாடையில் கவ்விக்கொண்டு வருவது குளவிக்கும் தேனீக்கும் பொது. ஆனால் இரை கொண்டுவரும்போது சாயம் வெளுத்துவிடும். குளவி என்றால் கால்களுக்கு நடுவில் புழுவோ சிலந்தியோ தொங்கும். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சைவ நூல்கள் குரு சீடனைத் தன்னைப் போலவே ஆக்குவதற்கு இதைத்தான் உவமை காட்டும். உவமை அழகு, உண்மை கொஞ்சம் கொடூரம்: குளவி கொட்டிய புழு சாகாமல் மரத்துக் கிடக்கும், அதைத் தின்று வளர்ந்த குளவிக்குஞ்சு வெளியே வரும். புழு குளவியாவது இப்படித்தான், சோறு உடம்பாகிற மாதிரி.

தேனீ புழு கொண்டு வராது. அவள் வந்து இறங்கும்போது வயிற்றின் அடியைப் பாருங்கள், மஞ்சள் பூசிய மாதிரி இருக்கும். அப்புறம் அவள் உள்ளே போகிற விதத்தைக் கவனியுங்கள், எனக்கு இந்த முழு வேலையிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். முதலில் தலையை விட்டு உள்ளே போவாள், வயிற்றில் சுமந்து வந்த பூந்தேனைக் கக்குவதற்காக. கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்து, வாசலிலேயே திரும்பி, இப்போது பின்பக்கத்தை உள்ளே விட்டு ரிவர்ஸில் போவாள், வயிற்றில் ஒட்டிய மகரந்தத்தைக் காலால் வழித்து உதிர்ப்பதற்காக. ஓட்டை அகலமாக இருந்தால் உள்ளேயே திரும்பிக்கொள்வாள், குறுகலாக இருந்தால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். எங்கள் ஊர் மினி பஸ் முட்டுச்சந்தில் திரும்புவது ஞாபகம் வரும். இதைப் பார்த்துவிட்டால் குளவி என்ற பேச்சுக்கே இடமில்லை.

கொட்டுமா என்று கேட்பீர்கள். கொடுக்கு இருக்கிறது, பெண்ணுக்கு மட்டும். ஆனால் கூட்டைக் காக்கப் பாய்ந்து வருகிற பழக்கம் கிடையாது, கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். நான் மூக்கு நுனி ஒரு சாண் தூரத்தில் இருக்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கண்டுகொள்ளவே இல்லை. தேனீ விஷம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் தள்ளியே இருங்கள்.

போட்டோ எடுப்பது, அதுவும் சரியான ஐந்து கோணத்தில்

மேலிருந்து எடுத்த ஒரே ஒரு அழகான படத்தை அனுப்பி "இது என்ன தேனீ" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வேண்டியது இவை: மேல்பக்கம், பக்கவாட்டில் முழு உடம்பு, நேர் முகம், விரித்த முன்சிறகு, வயிற்றின் அடிப்பக்கம். கடைசி இரண்டும் பறக்கிற தேனீயில் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அதற்கு ஒரு வழி. மாலை இருட்டிய பின்னும் அதிகாலையிலும் பெண் தேனீ கட்டி முடியாத ஓட்டைக்குள்ளேயே தங்கியிருக்கும், பெரும்பாலும் தலை வாசலை நோக்கி. அதிகாலையில் ஓட்டை வாயில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் வெயில் பட்டதும் நேராக உள்ளே வந்துவிடுவாள். பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் ஐந்திலிருந்து பத்து நிமிடம் வையுங்கள். ஃப்ரீஸரில் வேண்டாம், செத்துவிடும். குளிரில் மரத்துப்போய்க் கிடக்கிறவளை வெள்ளைத் தாளில் போட்டால் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் இருப்பாள். மெல்லிய தூரிகையால் மல்லாக்கப் புரட்டி அடிவயிற்றை எடுங்கள், போனில் ஒட்டுகிற மேக்ரோ லென்ஸ் போதும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைக்க மறக்காதீர்கள். பிறகு அதே ஓட்டைக்குப் பக்கத்தில் வெயிலில் விட்டுவிடுங்கள், உடம்பு சூடேறியதும் சிறகை அதிரவைத்துக்கொண்டு கிளம்பிவிடும். வேறு தெருவுக்குக் கொண்டுபோய் விட்டால் பாவம், பாதிக் கூடு பாழ்.

குடும்பம் எது: வயிற்றைக் காட்டு

அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும் மகரந்தத்தைப் பின்னங்காலில் உருண்டையாகக் கட்டிக்கொண்டு வரும். மண்சுவரில் தானே குடைந்து வாழும் நீலப்பட்டைத் தேனீ பின்னங்கால் மயிரில் அப்பிக்கொண்டு வரும். மெகாகைலி குடும்பத்துப் பெண்கள் மட்டும் வயிற்றின் அடியில் அடர்த்தியாக, பின்னோக்கிப் படிந்திருக்கும் மயிர்த் தூரிகை வைத்திருப்பார்கள். மகரந்தம் இல்லாதபோது பார்த்தாலும் பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி அந்த வரிசை தெரியும். இது இருந்தால் குடும்பம் முடிவாகிவிட்டது, வேறு எதையும் பார்க்காமலே சொல்லலாம்.

உறுதிக்கு முன்சிறகைப் பாருங்கள். நரம்புகளுக்கு இடையில் கட்டம் கட்டமாக அறைகள் இருக்கும். சிறகின் முன்விளிம்பை ஒட்டி ஒரு நீளமான அறை, அதற்குக் கீழே வரிசையாக இருக்கும் சின்ன அறைகளை எண்ணுங்கள். அடுக்குத் தேனீக்கு மூன்று, இந்தக் குடும்பத்துக்கு இரண்டு. முகத்தில் மேலுதடு அகலத்தைவிட நீளம் அதிகம், தாடைக்குக் கீழே மடித்து வைத்திருப்பாள். மெகாகைலி என்ற பெயருக்கே கிரேக்கத்தில் பெரிய உதடு என்றுதான் பொருள்.

தூரிகை இல்லை என்றால் உடனே வேறு குடும்பம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆணுக்குத் தூரிகை கிடையாது. ஆண் பெண் பிரிக்க உணர்கொம்பின் கணுக்களை எண்ணலாம், பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. படத்தைப் பெரிதாக்கி எண்ணிவிடலாம், பொறுமைதான் வேண்டும். ஆணின் முகத்தில் வெளிர் மயிர் தாடி வைத்த மாதிரி அடர்ந்திருப்பதும் ஒரு குறி. இன்னொருத்தி, வயிறு பின்னால் கூம்பி ஊசியாக முடிகிற கறுப்புத் தேனீ, ஓட்டையைச் சுற்றி வேவு பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் பெயர் சீலியோக்சிஸ், குயில் வேலை செய்கிறவள்: கொத்தனார் வெளியே போன நேரத்தில் உள்ளே புகுந்து தன் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவளும் இதே குடும்பம்தான், உழைக்காததால் தூரிகை மட்டும் இல்லை.

பேரினம் எது, இங்கேதான் செயலிகள் சறுக்கும்

படத்தைப் போனில் இருக்கிற செயலியில் போட்டால் பல சமயம் ஆஸ்மியா என்ற வேறொரு பேரினத்தின் பெயர் வரும். கொத்தனார் தேனீ என்று இணையத்தில் தேடினாலும் வருவது ஆஸ்மியாதான், ஏனென்றால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோட்டக்காரர்கள் வளர்ப்பது அதைத்தான். ஆஸ்மியா வடக்கே குளிர்நாட்டு ஆள். இந்தியாவில் இமயமலைப் பக்கம் உண்டு, தென்னாட்டு வெயிலில் ப்ளக் பாயின்ட்டுக்குள் தேட வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் 10 மடங்கு லென்ஸ் வைத்துக் கால் நுனியைப் பாருங்கள். ஆஸ்மியாவுக்கு இரண்டு நகங்களுக்கும் நடுவில் சின்ன மெத்தை இருக்கும், மெகாகைலிக்கு இருக்காது, வெறும் நகம்தான்.

தென்னாட்டில் குழப்பக்கூடிய மற்றொன்று லித்தர்கஸ். அதற்கும் வயிற்றில் தூரிகை உண்டு, ஆனால் காய்ந்த மரத்தைத் தானே குடைந்து கூடு வைக்கும், பருத்தி, வெண்டை, பூவரசு மாதிரியான பூக்களைத்தான் தேடிப் போகும். பெண்ணின் முகத்தில் நடுவே ஒரு மேடு துருத்திக்கொண்டிருக்கும். வாசலில் மரத்தூள் கொட்டிக் கிடந்தால் அது கொத்தனார் இல்லை, தச்சர்.

சரி, மெகாகைலி என்று முடிவாகிவிட்டது. அந்தப் பேரினத்தில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 1,500 இனங்கள். அதில் இலைவெட்டிகளும் உண்டு, மண், பிசின் ஆட்களும் உண்டு. ஒரு காலத்தில் மண், பிசின் ஆட்களை சாலிகோடோமா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள், பிறகு எல்லாவற்றையும் மெகாகைலிக்குள் சேர்த்துத் துணைப்பேரினங்களாக்கிவிட்டார்கள். பழைய புத்தகத்தில் ஒரு பெயரும் புதிய பட்டியலில் வேறு பெயரும் இருந்தால் பதறாதீர்கள், அதே தேனீதான்.

இந்த இரண்டு கட்சியையும் பிரிப்பது தாடை. இலைவெட்டியின் தாடையில் பற்களுக்கு இடையில் கத்திரிக்கோல் அலகு மாதிரி ஒரு மெல்லிய வெட்டுத்தகடு இருக்கும், இலையை வெட்ட வேண்டுமே. கொத்தனார்களுக்கு அந்தத் தகடு இல்லை, மண்ணை அள்ளவும் பூசவும் கரண்டி மாதிரியான தாடை போதும். நேர் முகப் படம் கேட்டது இதற்காகத்தான், தாடை லேசாகத் திறந்திருக்கும் படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். உடம்பு வாகும் உதவும். இலைவெட்டியின் வயிறு கொஞ்சம் தட்டையாக, இதய வடிவத்தில் பின்னால் குறுகும். கொத்தனாரின் வயிறு பக்கவாட்டில் இணையாக நீண்டு, குழாய் மாதிரி இருக்கும். குழாய்க்குள் வாழ்கிறவளுக்குக் குழாய் உடம்பு.

கடைசியாக நிறம்

இப்போது பார்க்கலாம், இனி தப்பாகாது.

கம்பளிக் கொத்தனார் பெண் அடுக்குத் தேனீயைவிடப் பருமன், நீளமும் கொஞ்சம் அதிகம். தலையிலும் மார்பிலும் செம்மண் நிறத்தில், காய்ந்த தேங்காய் நார் மாதிரி மயிர் அடர்ந்திருக்கும், மார்பின் கறுப்புத் தோலே தெரியாத அளவுக்கு. அந்தச் செம்மயிர் வயிற்றின் தொடக்கக் கண்டத்திலும், அதாவது முதல் வளையத்திலும், தொடரும். அதற்குப் பின்னால் வயிறு கறுப்பு, கண்டங்களின் ஓரத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்த மாதிரி மெல்லிய வெள்ளைப் பட்டைகள். தூரத்திலிருந்து பார்த்தால் மேல்பாதி செந்நிறம், கீழ்ப்பாதி கறுப்பு வெள்ளை, அவ்வளவுதான்.

இவளோடு ஒரே ஊரில், சில சமயம் ஒரே மூங்கில் கட்டில் வாழ்கிறவள்தான் மெகாகைலி டிஸ்ஜங்க்டா, இதற்கும் பெயர் வைத்தவர் அதே ஃபாப்ரீசியஸ், 1781-ல். இவள் கறுப்பு. மார்பின் பின்புறமும் வயிற்றின் தொடக்கமும் மட்டும் வெள்ளை மயிர், வெள்ளைத் துண்டை இடுப்பில் கட்டிய மாதிரி, சிறகின் நுனிப்பக்கம் புகை படிந்த கருமை. முன்னே சொன்ன பிசின் ஆட்களின் கட்சி, கல்லோமெகாகைலி என்ற துணைப்பேரினம். மரப்பிசினைத் தாடையில் உருட்டிக் கொண்டு வருவாள், மண்ணும் கலப்பாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமே வராது. ஆனால் ஒன்றை மட்டும் நிழலில், அவசரத்தில், பறக்கும்போது பார்த்தால் வரும், எனக்கு வந்தது.

நிறத்தைக் கடைசியில் வை என்று சொன்னதற்கு இரண்டு காரணம். ஒன்று, செம்மயிர் மார்பு கம்பளிக் கொத்தனாருக்கு மட்டும் சொந்தமில்லை. மலைத்தேனீக்கும் முன்பாதி அரக்கு நிறம்தான், இலைவெட்டிகளிலும் செந்நிற ஆட்கள் உண்டு. இரண்டு, மயிர் உதிரும், வெளுக்கும். ஓட்டைக்குள் நாள் முழுக்க நுழைந்து நுழைந்து வருகிறவளுக்கு முதுகு வழுக்கை விழும். புதிதாக வெளியே வந்தவள் பளிச்சென்று செங்கல் நிறம், ஒரு மாதம் உழைத்தவள் சாயம் போன காக்கிச் சட்டை. ஒரே ஓட்டையில் கட்டிய ஒரே தேனீயை நான் மூன்று வாரம் கழித்துப் பார்த்து வேறு இனம் என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன், பக்கத்தில் போட்டிருந்த படத்தில் இருந்த சிறகுக் கிழிசலைப் பார்த்துத்தான் அதே ஆள் என்று தெரிந்தது.

பூவும் ஒரு துப்பு. பயறு வகைப் பூக்களில் இவளுக்கு மோகம் அதிகம், துவரையும் சணப்பையும் பூத்திருக்கும் வயலில் காலை வேளையில் தேடிப் பாருங்கள். துவரைப் பூ இதழ்களை மடித்து மூடி வைத்திருக்கும், எடையுள்ள தேனீ வந்து கீழிதழில் அமர்ந்து அழுத்தினால்தான் மகரந்தம் வெளியே எட்டிப்பார்க்கும், நேராகத் தேனீயின் அடிவயிற்றில் படும். பூவுக்கும் வயிற்றுத் தூரிகைக்கும் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். துவரை விதை உற்பத்தி செய்கிறவர்கள் இரண்டு ரகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போடாமல் தூரம் விடுவதற்கு மெகாகைலிகளும் ஒரு காரணம், இவர்கள் ஒரு வயல் மகரந்தத்தை அடுத்த வயலுக்குக் கொண்டுபோய்க் கலந்துவிடுவார்கள்.

ஏற்கெனவே மூடிய கூடு என்றால்

தாய் போய்விட்டாள், மண் காய்ந்துவிட்டது, உள்ளே யார் என்று தெரிய வேண்டும். உடைக்க வேண்டாம், பிறக்கிறவரைக் காத்திருங்கள். ஓட்டையின் வாயில் கொசுவலைத் துணியில் தைத்த சின்னப் பையையோ, வலை கட்டிய பிளாஸ்டிக் டப்பாவையோ ஒட்டிவிட்டுத் தினமும் பாருங்கள். வெயில் காலத்தில் சில வாரங்களிலேயே வந்துவிடலாம், பருவம் மாறினால் மாதக்கணக்கிலும் ஆகலாம். முதலில் வருவது பெரும்பாலும் ஆண்கள். தாய் ஓட்டையின் உள்கோடியில் பெண் முட்டைகளையும் வாசல் பக்கத்தில் ஆண் முட்டைகளையும் வைப்பாள், ஆகவே வாசலில் இருப்பவர்கள் முதலில் கிளம்பிப் பின்னால் இருப்பவர்களுக்கு வழிவிடுவார்கள். ஆணை வைத்து இனம் சொல்வது சிரமம், பெண் வரும்வரை பொறுங்கள். பச்சையும் நீலமுமாக உலோகம் மாதிரி மின்னுகிற குளவி வெளியே வந்தால் ஏமாறாதீர்கள், அது கூட்டைத் திருடிய ஒட்டுண்ணி, வீட்டுக்காரர் இல்லை.

ப்ளக் பாயின்ட்டில் இந்த வலை வேலையெல்லாம் வேண்டாம். அங்கே ஒரே விதி: மெயின் ஸ்விட்சை அணைக்காமல் எதையும் உள்ளே விடாதீர்கள், குச்சியானாலும் சரி, கம்பியானால் கேட்கவே வேண்டாம். மண் ஈரமாக இருக்கும்போது மின்சாரம் கசியும் ஆபத்தும் உண்டு. பழைய மண்ணை எலெக்ட்ரீஷியன் சுத்தம் செய்த கையோடு கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட் மூடியைச் செருகிவிடுங்கள், இல்லையென்றால் ஓட்டையின் மேல் டேப் ஒட்டினாலும் போதும்.

குறிப்பு எழுதுங்கள், பெயர் பிறகு வரும்

தேதி, நேரம், ஊர், ஓட்டையின் விட்டம், எதனால் அடைத்திருந்தது, எந்தப் பூவில் பார்த்தீர்கள், படங்கள். இவ்வளவும் இருந்தால் உயிரினப் படங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றலாம், தெரிந்தவர்கள் வந்து சரிபார்ப்பார்கள். பெயர் உறுதியில்லை என்றால் மெகாகைலி என்ற அளவில் நிறுத்திவிடுங்கள். இனப்பெயரை ஊகித்துப் போட்டுவிட்டால், அதைப் பார்த்து இன்னொருவர் அதையே போடுவார், பிறகு எது மூலம் என்றே தெரியாது. இந்தியத் தேனீக்களை இனம் பிரிக்க இன்றைக்கும் பலர் கையில் எடுப்பது பூச்சியியலாளர் பிங்காம் 1897-ல் வெளியிட்ட தொகுதியைத்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அவசரப்படத் தோன்றாது. வீட்டில் ஜன்னலோரம் செத்துக் கிடந்த தேனீ கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள், நன்றாகக் காயவைத்துத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, தேதியும் ஊரும் எழுதி வையுங்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையமும், பெங்களூரில் வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசியப் பணியகமும் இருக்கின்றன, படத்தில் முடிவாகாதது மாதிரியைக் கையில் வைத்துப் பார்த்தால் முடிவாகும்.

திரும்பவும் பார்க்க வேண்டும் என்றால் நீங்களே வாடகைக்கு வீடு கட்டி விடலாம். உள்விட்டம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கிற மூங்கிலை ஒரு சாண் நீளத்துக்கு, ஒரு பக்கம் கணு மூடியிருக்கிற மாதிரி அறுத்துக்கொள்ளுங்கள். வாயைச் சிராய் இல்லாமல் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, இருபது துண்டைக் கட்டாகக் கட்டி, மழை படாத இடத்தில், காலை வெயில் வாசலில் விழும்படி, ஆடாமல் கட்டுங்கள். ஆடினால் வரமாட்டாள். பக்கத்தில் ஒரு தட்டில் களிமண்ணை ஈரமாக வைத்தால் இன்னும் நல்லது, எங்கள் வீட்டில் துளசி மாடத்தடியில் தண்ணீர் வழிந்து சேறாகிற இடத்துக்குத்தான் வந்து அள்ளுகிறாள். கட்டி நாற்பது நாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் எங்கள் பவர் ப்ளக்குக்கு நான் மூடி போட மறந்திருந்தேன், முதல் கூட்டை மறுபடி அங்கேதான் வைத்தாள். இரண்டாவதிலிருந்து மூங்கில்.